பகல் வானில் கண்டதை விசாரிக்கும் முறை: காவிரி டெல்டாவில் புதிதாக இறங்குவோருக்கு

நாற்றங்காலில் குனிந்து நின்ற ஒருவர் நிமிர்ந்தபோது வானத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது என்றும், பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் அது காணாமற்போனது என்றும் ஒரு செய்தி உங்கள் காதுக்கு வந்தால், அதை நம்புவதா தள்ளுவதா என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வையுங்கள். அதற்கு விடை சொல்ல உங்கள் கையில் அப்போது எதுவும் இருக்காது. நான் இந்த வேலையில் இறங்கிய புதிதில் ‘அது என்ன?’ என்று கேட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போனேன். இப்போது ‘எந்த இடத்திலிருந்து பார்த்தீர்கள், எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்?’ என்று மட்டுமே கேட்கிறேன். கண்டதற்குப் பெயர் வைப்பதை எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவுக்கு விசாரணை உருப்படியாக அமைகிறது. முக்கொம்பிலிருந்து பூம்புகார், கோடியக்கரை வரை விரியும் இந்தச் சமவெளியில் மலை மறைப்பு கிடையாது. வானம் அடிவானம் வரை திறந்து கிடக்கிறது. அதனால் இங்கே கண்ணில் படுவதும் அதிகம், அளந்து பார்க்க வசதியும் அதிகம்.

கண் தருவதும் தராததும்

வெட்டவெளி வானத்தில் நிற்கும், முன்பின் அறியாத ஒரு பொருளைப் பற்றிக் கண் நமக்குத் தருவது மூன்று செய்திகள்தாம்: அது எந்தத் திசையில் இருக்கிறது, அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது, எத்தனை பாகை அகலமாகத் தோன்றுகிறது. தொலைவைக் கண் சொல்லாது. தொலைவு தெரியாதபோது உண்மையான அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. ஒரு மீட்டர் அகலமுள்ள பொருள் 57 மீட்டர் தொலைவில் ஒரு பாகை அகலமாகத் தெரியும். நூறு மீட்டர் அகலமுள்ள பொருளும் 5,700 மீட்டர் தொலைவில் அதே ஒரு பாகை அகலமாகத்தான் தெரியும். ‘பஸ் அளவு இருந்தது’ என்று ஒருவர் சொன்னால், அவர் தொலைவைத் தாமே ஊகித்துக்கொண்டு அந்த ஊகத்தின் மேல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார் என்று பொருள். அந்தச் சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவீடாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த மயக்கம் கருவியோடு பறக்கிறவர்களுக்கும் நேர்கிறது. அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று எடுத்த காணொளியில், கடல்மட்டத்தை ஒட்டிப் பாய்வது போலத் தெரிந்த ஒரு பொருளை நாசாவின் ஆய்வுக் குழு கணக்கிட்டுப் பார்த்து, 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில், அது சுமார் 13,000 அடி உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 40 மைல் வேகத்தில் நகர்ந்ததாகக் கூறியது. அந்த உயரத்தில் காற்று அடித்துச் செல்லும் வேகமே அவ்வளவு இருக்கும். பாய்ச்சலாகத் தெரிந்ததற்குப் படம்பிடித்த விமானத்தின் சொந்த ஓட்டமே பெருங்காரணம்.

பாகையை அளக்கக் கையே போதும். கையை முழுவதும் நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. மடக்கிய கைமுட்டி பத்துப் பாகை. விரித்த சாண் இருபது பாகைக்குக் கொஞ்சம் கூடுதல். உங்கள் கைக்கு இது சரியாக வருகிறதா என்று வீட்டுச் சுவரில் சோதித்துக்கொள்ளலாம்: சுவரிலிருந்து 5.7 மீட்டர் தள்ளி நின்றால், சுவரில் பத்து சென்டிமீட்டர் ஒரு பாகையாகும்; உங்கள் கைமுட்டி ஒரு மீட்டர் நீளத்தை மறைக்க வேண்டும். சூரியனும் சந்திரனும் அரைப் பாகை அகலமே உடையவை என்பதைக் கண்டவரிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ‘முழுநிலாவை விடப் பெரிசா, சின்னதா?’ என்று கேட்டால் அவர் தரும் விடை, எந்த அடிக்கணக்கையும் விடப் பயனுள்ளது.

முதல் நாள்: நேரம்

செய்தி கேட்ட அன்றே போய்விட வேண்டும். இரண்டு நாள் கழித்தால் கண்டவர் தாம் பார்த்ததோடு, டீக்கடையில் பிறர் சொன்னதையும் சேர்த்தே சொல்வார். இதில் அவர் மேல் குற்றம் இல்லை, நினைவின் இயல்பு அது.

எல்லாவற்றுக்கும் முன்னால் நேரத்தைப் பிடியுங்கள். ஒரு பயணிகள் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஐந்து நிமிடப் பிழைக்கு 67 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். கும்பகோணத்துக்கு மேலே இருந்திருக்க வேண்டியதைத் திருச்சியை நெருங்கித் தேடிக்கொண்டிருப்போம். வயலில் நிற்பவர் கடிகாரம் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்காதீர்கள். அவரிடம் வேறு கடிகாரங்கள் உண்டு. நடவு ஆட்கள் கரையேறிச் சோற்றுக்கு உட்கார்ந்தது, மதியத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது, கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது, டவுன் பஸ் திரும்பியது, பம்புசெட்டுக்கு மின்சாரம் வந்தது அல்லது போனது, இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். பிறகு அந்தந்த நேரத்தைத் தனியே விசாரித்துச் சரிபாருங்கள். எவரேனும் அப்போது யாருக்காவது கைப்பேசியில் அழைத்துச் சொல்லியிருந்தால் அந்த அழைப்புப் பதிவே நிமிடக் கணக்கோடு சாட்சி சொல்லும். நேரம் உறுதிப்பட்ட அன்றைக்கே பாதி வேலை முடிந்துவிட்டதாக நான் எண்ணிக்கொள்வேன்.

கண்டவரிடம் பேசுதல்

பலர் பார்த்திருந்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியே, அவரவர் நின்ற இடத்துக்கே அழைத்துப்போய்ப் பேசுங்கள். திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் விடைக்கும், அதே வரப்பில் அதே பக்கம் பார்த்து நின்று கேட்கும் விடைக்கும் நிறைய வேறுபாடு உண்டு. கை தானாகவே உயர்ந்து காட்டும். அந்தக் கையைத்தான் நீங்கள் அளக்க வேண்டும். முதலில் அவர் முழுக்கச் சொல்லி முடிக்கட்டும், குறுக்கே பேசாதீர்கள். அவருடைய சொற்களை அப்படியே எழுதுங்கள். ‘பளபளன்னு’ என்று சொன்னதை ‘உலோகம் போன்ற’ என்று நீங்கள் திருத்தி எழுதினால், அந்த உலோகம் உங்களுடைய கண்டுபிடிப்பாகிவிடும். பிறகு ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள்.

‘தட்டு’ என்ற சொல்லை நீங்களாக எடுத்துவிடாமல் இருக்க வேண்டியதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 1947 ஜூன் 24 அன்று பட்டப்பகலில், அமெரிக்காவின் ரெய்னியர் மலைப் பக்கம் தம் விமானத்தில் சென்றுகொண்டிருந்த கென்னத் அர்னால்டு ஒன்பது பொருள்களைக் கண்டார். தண்ணீரின் மேல் விட்டெறிந்த தட்டு தத்திச் செல்வது போல அவை நகர்ந்தன என்று அவர் ஓட்டத்தைச் சொன்னதாகவே பின்னாளில் விளக்கினார். நாளேடுகள் அதை வடிவமாக எடுத்துக்கொண்டு ‘பறக்கும் தட்டு’ ஆக்கிவிட்டன. அதன் பிறகு உலகெங்கும் மக்கள் தட்டுகளையே காணத் தொடங்கினார்கள்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். ஆற்றோட்டத்தை வைத்தே திசையறிந்து வாழும் டெல்டா மக்கள் இடம், வலம் என்பதைவிடக் கிழக்கு, மேற்கு என்றே இயல்பாகப் பேசுவார்கள். விசாரிப்பவருக்கு அது பெரும் கொடை. ஆனால் மேற்கு என்ற சொல்லில் ‘மேல்’ இருக்கிறது, கிழக்கில் ‘கீழ்’ இருக்கிறது. மேலத்தெரு உயரத்தில் இருப்பதில்லை, மேற்கில் இருக்கிறது.

“அப்பறம் எப்படிப் போச்சுங்க அக்கா?”

“அப்படியே மேல போயிடுச்சு தம்பி.”

இந்த விடையை ‘செங்குத்தாக எழும்பியது’ என்று எழுதிவிட்டால், மேற்கு நோக்கிச் சாதாரணமாகச் சென்ற ஒரு விமானம் அதிசயப் பொருளாகிவிடும். “மேக்கால போச்சா, ஒசரக்க போச்சாங்க அக்கா?” என்று உடனே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நான் பார்த்த குறிப்பேடுகளில் இந்த ஒரு சொல்லால் கெட்டுப்போனவை ஒன்றிரண்டு அல்ல.

அளத்தல்

கைப்பேசியின் திசைகாட்டி பம்புசெட் கொட்டகை, மின்கம்பம், நிறுத்திவைத்த மோட்டார்சைக்கிள் ஆகியவற்றின் அருகே தவறாகக் காட்டும். ஐந்தாறு அடி விலகி நின்று இரண்டு மூன்று முறை பாருங்கள். காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாடு நம் பகுதியில் இரண்டு பாகைக்குள்தான் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இதைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. கண்டவர் ‘அந்தத் தென்னைக்கும் கோபுரத்துக்கும் நடுவுல’ என்று காட்டினால், அந்த இரண்டையும் செயற்கைக்கோள் வரைபடத்தில் கண்டுபிடித்து, நின்ற இடத்திலிருந்து கோடு போட்டுவிடலாம். டெல்டாவில் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் ஒரு கோபுரம் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் சுமார் 216 அடி. ஒரு கிலோமீட்டர் தொலைவில் நிற்பவருக்கு அதன் உச்சி ஏறத்தாழ நான்கு பாகை உயரத்தில் தெரியும். கண்டவர் எடுத்த படத்தில் உயரமும் தொலைவும் தெரிந்த ஒரு கோபுரமும் விழுந்திருந்தால், படம் முழுவதற்குமே அளவுகோல் கிடைத்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

ஏற்றக் கோணத்துக்கு, அதாவது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரம் என்பதற்கு, பத்தாம் வகுப்புக் கணக்குப் பெட்டியில் உள்ள பாகைமானியே போதும். அதன் மையப்புள்ளியில் நூல் கட்டி, நூலின் நுனியில் ஒரு சிறு நட்டைத் தொங்கவிட்டு, நேர்விளிம்பின் வழியே கண்டவர் காட்டும் இடத்தைப் பார்த்தால், நூல் வெட்டும் இடத்திலிருந்து கோணத்தைக் கணக்கிடலாம். சூரியனுக்கு அருகில் உள்ள திசையை மட்டும் இப்படிப் பார்க்கவே கூடாது. சூரியன் வேறு பக்கம் நகர்ந்த பிறகு அளந்துகொள்ளுங்கள். மனிதர் எல்லோருமே உயரத்தைக் கூட்டித்தான் மதிப்பிடுவார்கள். ‘தலைக்கு நேர் மேலே’ என்பவர் கையைக் காட்டும்போது அறுபது பாகையே வரும். ‘பாதி வானத்தில்’ என்பது முப்பதாகவே இருக்கும். சொல்லையும் கோணத்தையும் இரண்டையுமே எழுதுங்கள்.

தொலைவைக் கண் தராது என்றேன்; இரண்டு ஊர்க் கண்கள் சேர்ந்தால் தரும். ஒரே நேரத்தில் ஒருவர் நேர்கிழக்கே 45 பாகை உயரத்தில் பார்த்திருக்கிறார். அவருக்கு நான்கு கிலோமீட்டர் மேற்கே நின்ற இன்னொருவர் அதையே கிழக்கில் 26½ பாகை உயரத்தில் பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 45 பாகையில் உயரமும் தரைத் தொலைவும் சமம். 26½ பாகையில் உயரம் தரைத் தொலைவில் பாதி. ஆகவே பொருள் முதலாமவருக்கு நான்கு கிலோமீட்டர் கிழக்கே, நான்கு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. அது நிலாவின் அளவில், அரைப் பாகையாகத் தெரிந்திருந்தால், அதன் அகலம் ஏறத்தாழ 50 மீட்டர். எங்கள் நிலம் இவ்வளவு மட்டமாக இருப்பதால் மேடு பள்ளத்துக்குத் திருத்தம் போடாமலே இக்கணக்கைச் செய்யலாம். எனவே ஒரு ஊரில் செய்தி கேட்டவுடன் அக்கம்பக்கத்து ஊர்களில், ‘வானத்தில் மர்மப் பொருளாமே’ என்று தொடங்காமல், ‘நேத்து மதியம் வானத்துல எதையாவது கவனிச்சீங்களா?’ என்று பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது சாட்சி ஒருவர் கிடைப்பது பத்து நிழற்படங்களுக்குச் சமம்.

படங்கள்

கைப்பேசிப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொன்னால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரம் முதலிய உட்பதிவுகளும் அழிந்துவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது நேரில் போய் மூலக் கோப்பையே நகலெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்துக் கேட்க வேண்டியது ஒன்றே: படம் எடுக்கும்போதே கண்ணால் பார்த்தீர்களா, பிறகு படத்தில் கண்டீர்களா? பிறகு கண்டது என்றால், அது வேறு இனம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நாட்களில் டெல்டா வயல்களின் மேல் தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும். ‘தும்பி பறந்தால் தூரத்தில் மழை’ என்று அதை வைத்தே பெரியவர்கள் மழையைச் சொல்வார்கள். கேமராவுக்கு இரண்டடி தொலைவில் குறுக்கே போன ஒரு தட்டான், குவியம் தொலைவில் இருக்கும்போது, மங்கலான நீள்வட்டமாக வானத்தில் பதிந்துவிடும். சூரியன் படத்துக்குள்ளோ விளிம்பிலோ இருந்தால், படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்புறம் தெரியும் ஒளிப்பொட்டு பெரும்பாலும் லென்சுக்குள் எழுந்த பிரதிபலிப்பே.

எதெதனோடு ஒப்பிட வேண்டும்

இனிதான் பெயர்களுக்கு வரலாம். டெல்டாவில் நான் முதலில் பார்ப்பது பறவைகளைத்தான். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி, கோடியக்கரை என நீர்ப்பறவைகளின் புகலிடங்கள் நம்மைச் சூழ இருக்கின்றன. நத்தைகுத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் காலை வெயில் ஏறி நிலம் சூடானதும், எழும்பும் வெப்பக்காற்றில் இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு, கண்ணுக்கு எட்டும் எல்லைவரை உயர்ந்துவிடும். அந்த உயரத்தில் கழுத்தோ காலோ தெரியாது. வெயில் அடிவயிற்றிலும் இறக்கையிலும் படும்போது வெள்ளித்துண்டு போல மின்னும். வட்டத்தின் மறுபக்கம் திரும்பியதும் வானத்தோடு கலந்து மறைந்துவிடும். சில வினாடியில் மறுபடியும் ஒன்றாகத் தோன்றும். ஓசை கிடையாது. ‘வெள்ளையா வட்டமா ஏழெட்டு, ஒண்ணா மறைஞ்சு ஒண்ணா வந்துச்சு’ என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னபோது, நான் அவசரப்பட்டு, ‘பலூனா இருக்கும் பெரியப்பா’ என்று சொல்லிவிட்டேன். அவர் அதன் பிறகு பேசவே இல்லை. மூன்றாம் நாள் அதே பதினொரு மணிக்கு அதே களத்துமேட்டில் பைனாகுலரோடு நின்றேன். நாரைக்கூட்டம் ஒன்று அவர் சொன்ன அதே விதமாக மறைந்து மறைந்து தோன்றியது. அவரை அழைத்துக் காட்டினேன். வெறுங்கண்ணால் பார்த்து, ‘இதேதான்’ என்றார். பைனாகுலரை வாங்கிப் பார்த்து, ‘கொக்கு இனமா இது?’ என்று நெடுநேரம் கண்ணை எடுக்காமல் நின்றார். முன்னதாக நான் சொன்ன பெயர் தவறு, அவர் சொன்ன விவரம் ஒவ்வொன்றும் சரி. ஆகவே அதே இடத்தில் அதே நேரத்தில் குறைந்தது மூன்று நாள் நின்று பார்ப்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வானிலை பலூன். காரைக்காலில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மேல்வளிமண்டல நிலையம் இருக்கிறது. ஹைட்ரஜன் அடைத்த ரப்பர் பலூனில் ரேடியோசோண்ட் என்ற சிறு கருவிப்பெட்டியைக் கட்டி விடுவார்கள். உலகமெங்கும் இந்தப் பலூன்கள் இந்திய நேரப்படி காலை 5.30, மாலை 5.30 என்ற இருவேளைக் கணக்குக்கே விடப்படுகின்றன. பறக்கவிடுவது அதற்குச் சற்று முன்பாக இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறி, மேலே போகப் போக உப்பி, 30 கிலோமீட்டர் உயர வாக்கில் இருபதடிக்கு மேல் அகலமாகி வெடித்துவிடும். தாழ்ந்த வெயிலில் அது அசையாத வெண்புள்ளியாகத் தெரியும். வெடித்ததும் ‘சட்டென்று மறைந்தது’ என்ற செய்தி கிளம்பும்.

இதில் எல்லோரையும் ஏமாற்றுவது காற்று. அம்மியையும் பறக்கவைக்கும் என்று நாம் சொல்லும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. ஆனால் அதே ஆடி மாதத்தில், நம் தலைக்கு மேல் 15 கிலோமீட்டர் உயர வாக்கில், நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலும் வீசுகிறது. 1950களில் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் இதை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்று என்பது அதன் பெயர். எனவே ஆடியில் காரைக்காலில் விட்ட பலூன் முதலில் கடற்பக்கம் போய், உயரம் ஏறியதும் திரும்பி, கும்பகோணம் பக்கமாக மேற்கே வரலாம். கீழே தென்னை கிழக்கே சாய்ந்து ஆடுகிறது, மேலே வெள்ளைப் பொருள் மேற்கே போகிறது. ‘காத்தை எதிர்த்துப் போச்சு’ என்று கண்டவர் சொல்வது முற்றிலும் நேர்மையான சாட்சியம். அன்றைய காற்றை ஊகிக்க வேண்டியதில்லை. உலக நிலையங்களின் பலூன் பதிவுகளை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழக இணையதளம் நாள்தோறும் வெளியிடுகிறது. காரைக்காலின் எண் 43346. எந்த உயரத்தில் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகமாகக் காற்று வீசியது என்பதும், அன்று பலூன் விடப்பட்டதா என்பதும் அந்தப் பட்டியலில் தெரியும்.

விமானங்களைப் பிளைட்ரேடார்24 போன்ற செயலியில், கடந்த சில நாட்களின் பதிவைத் திருப்பி ஓட்டிப் பார்க்கலாம். நேரே நம்மை நோக்கி வரும் விமானம் நிமிடக் கணக்கில் அசையாமல் நிற்பது போலத் தெரியும். உடலில் வெயில் பட்டால் இறக்கையே இல்லாத வெள்ளிக்குச்சி ஆகிவிடும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும் என்பதால், பத்து கிலோமீட்டர் தொலைவு விமானத்தின் ஓசை அரை நிமிடம் பிந்தி வரும். ‘பார்த்தபோது சத்தமே இல்லை’ என்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 முதல் சுகோய்-30 போர்விமானங்களின் 222ஆம் பிரிவு செயல்படுகிறது. போர்விமானங்கள் அச்செயலிகளில் பெரும்பாலும் தெரிவதில்லை. எனவே செயலியில் இல்லை என்பதை வைத்து விமானமே இல்லை என்று எழுதக்கூடாது. வானில் இடி போன்ற வெடியோசையும் சேர்ந்து கேட்டிருந்தால், ஒலியை மிஞ்சிய வேகத்தில் சென்ற விமானத்தை நினையுங்கள். 2020 மே 20 அன்று பெங்களூருவை அதிரவைத்த ஓசைக்கு விமானப்படையின் சோதனைப் பறப்பே காரணம் என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. தளத்தின் சுற்றுச்சுவர்ப் பக்கம் கேமராவோடு போகவே வேண்டாம். அது சட்டப்படி குற்றமாகும்.

பகலில் வெள்ளிக் கோளும் தெரியும் என்பதைப் பலர் நம்புவதில்லை. கட்டட நிழலில் நின்று, சரியான இடத்தைப் பார்த்தால், தெளிந்த நீல வானில் சிறு வெண்புள்ளியாக அது தெரியும். சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் விலகாது. வானத்தோடு சேர்ந்து மணிக்குப் பதினைந்து பாகை மேற்கே சரியும். ஸ்டெல்லேரியம் செயலியில் ஊரையும் நாளையும் நேரத்தையும் இட்டால் அது இருந்த இடம் வந்துவிடும். 2012, 2013இல் லடாக் எல்லையில் நம் இராணுவத்தினர் வேவு விமானங்களோ என்று தொடர்ந்து குறித்துவந்த ஒளிகளை, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் வெள்ளி, வியாழன் கோள்கள் என்று அடையாளம் காட்டினார்கள். அவர்களுடைய திசைக் குறிப்புகள் முறையாக இருந்ததால்தான் அது முடிந்தது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். கோயில் தேரோட்டம், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான வேளாங்கண்ணித் திருவிழா ஆகிய நாட்களில் கைநழுவிய வாயு பலூன்கள், அதிலும் பளபளக்கும் தாள் பலூன்கள், பல கிலோமீட்டர் பயணப்படும். வயலில் மருந்தடிக்கும் ட்ரோன் பயிருக்குச் சில அடி மேலேதான் பறக்கும், இரைச்சலும் பெரிது. படமெடுக்கும் ட்ரோன்தான் உயரத்தில் நின்று குழப்பும், ஊரில் அன்று திருமணம் உண்டா என்று கேளுங்கள். சூரியனைச் சுற்றி 22 பாகையில் கோட்டை (ஒளிவளையம்) கட்டும்போது அதன் இருபுறமும் தெரியும் பொய்ச்சூரியன்கள் மெல்லிய மேகத்தின் பனித்துகள்களால் உண்டாவன. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுகலம் புறப்பட்ட நேரத்தை இஸ்ரோ அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கடற்கரை ஊர்களில் இருந்து வடக்கிலோ வடகிழக்கிலோ கண்ட எதற்கும் இது பொருந்தும்.

அவசர விளக்கத்தின் கேடு

ஒப்பீட்டில் ஏதோ ஒன்று பக்கத்தில் வந்தவுடனே அதை முடிவாக எழுதிவிடும் ஆசை எழும். 1948 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பகல் வானில் கண்ட ஒரு பொருளைத் துரத்திச் சென்ற விமானி தாமஸ் மான்டெல் விபத்தில் இறந்தார். அவர் துரத்தியது வெள்ளிக் கோள் என்று முதலில் சொன்னார்கள். திசை பொருந்தியது; ஆனால் அன்றைய வெள்ளி அவ்வளவு எளிதில் கண்ணில் படும் அளவுக்கு ஒளியோடு இல்லை. கடற்படை அப்போது இரகசியமாகப் பறக்கவிட்டுவந்த ஸ்கைஹூக் என்ற பெரும் பலூனாக இருந்திருக்க வேண்டும் என்பதே பின்னர் பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். நீங்கள் தரும் விளக்கம் திசை, ஏற்றக் கோணம், நேரம், நீடித்த கால அளவு, தோற்றம் ஆகிய ஐந்தோடும் பொருந்த வேண்டும். நான்கோடு பொருந்தி ஒன்றோடு முரண்பட்டால், அந்த முரணை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

அறிக்கையை மூன்றில் ஒரு வகையாக முடியுங்கள்: அடையாளம் கண்டது, தரவு போதாதது, தரவு போதியும் அடையாளம் காணாதது. கடைசி இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதே புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. நேரம் தெரியாத, திசை தெரியாத ஒரு செய்தி எவ்வளவு விந்தையாக இருந்தாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வானில் கண்ட இத்தகைய செய்திகளை விசாரித்துவந்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969இல் மூடப்பட்டபோது, கணக்கில் இருந்த 12,618 செய்திகளில் 701 அடையாளம் காணாதவையாக நின்றன. நம் நாட்டிலும் 2023 நவம்பர் 19 அன்று பிற்பகலில் இம்பால் விமான நிலையத்தின் அருகே ஒரு பொருளைக் கண்டு, விமானங்களைச் சில மணி நேரம் நிறுத்தினார்கள். விமானப்படையின் ரஃபேல் விமானங்கள் சென்று தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. அத்தகைய ஒன்று உங்கள் கோப்பில் சேர்ந்தால் அதை அப்படியே திறந்து வையுங்கள்.

வானத்திலிருந்து ஏதேனும் வயலில் விழுந்திருந்தால் தொடாதீர்கள், சிறுவர்களை விலக்குங்கள். கிழிந்த ரப்பரும் நூலும் சிறு வெள்ளைப் பெட்டியும் கிடந்தால் அது ரேடியோசோண்டாகவே இருக்கும்; ஆயினும் தள்ளி நின்று படமெடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். கண்டவர்களின் பெயரையும் ஊரையும் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் எவரிடமும் சொல்லக்கூடாது. கேலிக்கு ஆளானவர் மறுமுறை வாயைத் திறக்க மாட்டார்.

கடைசியாகச் செய்ய வேண்டிய ஒன்றைப் பெரும்பாலோர் செய்வதில்லை. முடிவு எதுவாக இருந்தாலும் கண்டவரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் அளந்த கோணங்கள், பார்த்த பதிவுகள், வந்த முடிவு ஆகியவற்றை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளக்குங்கள்; அவர் மறுத்தால் மறுப்பையும் அறிக்கையில் சேருங்கள். கிளம்பும் முன் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, கைமுட்டியால் அளக்கும் முறையை ஒருமுறை செய்துகாட்டி, அடுத்து எதையாவது கண்டால் முதலில் மணியைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றபடி அழைக்கச் சொல்லுங்கள்.